இரும்புக்கை மாயாவியின் பழைய தோழர்களுக்கு



மேலே உள்ள தலைப்பைக் கண்டதும் உங்களில் சிலருடைய முகத்திலாவது ஒரு புன்னகை அரும்பியிருக்கும் என நம்புகிறேன். அந்தச் சிலருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்து செல்லும் அந்த மனிதரை அறியாதவர்கள் பொறுமையோடு உடன் அமர்ந்து கேட்கலாம். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இத்தகைய புத்தகம் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கக் கூடும்.

அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டில் பள்ளிக்கூட நாள் நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். ஒரே சஹனில் அமர்ந்து சாப்பிட்டுக் கொண்டிருந்தபோது அவர் குரலைத் தாழ்த்தி, "பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த சூப்பர் ஹீரோ படங்களைப் பார்க்கிறேன். கட்டடம் இடிகிறது, இன்னொரு கட்டடம் இடிகிறது, அதோடு படம் முடிந்துவிடுகிறது. நாம் அந்தக் காலத்தில் படித்தோமே, அது மாதிரி மனத்தில் தங்குவதாக ஏதாவது இருந்தால் சொல்லேன்" என்று கேட்டார். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். பதில் சொல்வதானால் நான் செய்த ஒரு காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதை அந்தச் சஹனைச் சுற்றி அமர்ந்து சொல்ல இயலாது. எழுத்தில் சொல்வது சற்று எளிது.

1972-ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது முதல் இதழின் நாயகர் இரும்புக்கை மாயாவிதான். லண்டனில் 'வேலியண்ட்' என்ற வார இதழில் 1962 முதல் வந்த கதை அது. ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக் கொண்டவர். மின்சாரம் தாக்கினால் அந்தக் கை தவிர உடல் முழுவதும் மறைந்துவிடும். நம்மில் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்றுண்டு. தொடக்கத்தில் அவர் நல்லவர் அல்லர். கிடைத்த ஆற்றலைத் தீய வழியில் செலவிட்டு, பிறகே திருந்தியவர். 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் நமக்கு அறிமுகப்படுத்திய ஸ்பைடரும் குற்ற உலகின் அரசனாகத் தொடங்கி நீதியின் பக்கம் வந்தவரே. சிறுவயதில் நம்மைக் கட்டிப் போட்டது அவர்களுடைய வலைத் துப்பாக்கியும் எஃகுக் கையும் என்று நாம் எண்ணிக் கொண்டிருந்தோம். திருந்திய மனிதர்களின் கதைகளைத்தான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம் என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் புலப்பட்டது.

அந்த ஸ்பைடர் கதைகளைப் பற்றி இன்னொரு வியப்பான செய்தி. அவற்றில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். யார் இந்த சீகல்? 1938-இல் ஓவியர் ஜோ ஷஸ்டருடன் சேர்ந்து சூப்பர்மேனைப் படைத்தவர். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில், புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்தில் பிறந்த பிள்ளை. 1932-இல் தம் துணிக்கடையில் நடந்த திருட்டின்போது அவருடைய தந்தை மாரடைப்பால் இறந்தார். துப்பாக்கிக் குண்டும் துளைக்க முடியாத ஒரு மனிதனை அந்த மகன் பிற்பாடு கற்பனை செய்தார். சூப்பர்மேனின் உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டு, வாழ்நாளில் பெரும்பகுதியை அதற்காக வருந்தியே கழித்தார். அவர் எழுதியது என்பதை அறியாமலே நாம் அவருடைய கதைகளைத் தமிழில், திண்ணையில் அமர்ந்து படித்திருக்கிறோம்!

"இவையெல்லாம் பொய்க் கதைகள், தீனுடைய வீட்டில் இவற்றுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்பது என் காதில் விழுகிறது. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நம் முன்னோர் வீடுகளில் என்ன இருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போரையும், வாளேந்திய சைத்தூனின் கிஸ்ஸாவையும் ஒருவர் இராகத்தோடு படிக்க, வீடே சூழ்ந்திருந்து கேட்ட காலம் ஒன்று இருந்தது. வடக்கே அக்பர் பாதுஷா அமீர் ஹம்ஸா கதைக்காக ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்களைத் துணியில் தீட்டச் செய்தார். அக்கதையில் வரும் அம்ரு ஐயாரின் பையில் உலகத்தையே போட்டு மூடலாம். பேட்மேனின் இடுப்பு வார் அதன் அருகில் நிற்காது. அந்த அமீர் ஹம்ஸா வேறு, உஹதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் உண்மை வரலாறு வேறு என்பதைக் கேட்டவர்கள் அறிந்தே இருந்தார்கள். வரலாற்றையும் கற்பனையையும் பிரித்தறியும் திறன் இருந்தால் கதையால் கெடுதல் இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. மார்க்கத் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கில்லை. அது ஆலிம்களின் பணி.

இனி என் காரியத்துக்கு வருகிறேன்.

நான் சேர்த்து வைத்த மாயாவி, ஸ்பைடர் புத்தகங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. என் மகன் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் அந்தப் பெட்டியை அவனிடம் கொடுத்தேன். பையன் அதில் மூழ்கிப் போனான். பெருநாள் காசில் வாங்கிய ஸ்பைடர்மேன் புத்தகங்களையும் அதில் சேர்த்தான். 2010-ஆம் ஆண்டு அவன் பத்தாம் வகுப்பில் இருந்தபோது அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றான். அன்று எனக்கு வந்த கோபத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துகிறவனைவிட, கோபத்தில் தன்னை அடக்கிக் கொள்கிறவனே வலிமையுடையவன் என்ற கருத்துடைய நபிமொழியை மத்ரஸாவில் ஓதியவன்தான் நான். ஆனாலும் அவன் பள்ளியிலிருந்து திரும்புவதற்குள் தெருவில் சென்ற பழைய பேப்பர்க்காரரை அழைத்துப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டேன். கிலோக் கணக்கில் போட்டு அவர் கொடுத்த காசை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

மகன் வந்தான். வெறும் பெட்டியைப் பார்த்தான். ஒரு சொல்லும் பேசவில்லை. அழுதிருந்தால்கூட நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அவன் நன்றாகப் படித்தான், தேர்ச்சி பெற்றான், பட்டமும் வாங்கினான், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அன்று முதல் தான் என்ன படிக்கிறான் என்பதை என்னிடம் காட்டுவதை நிறுத்திக் கொண்டான். நான் அறைக்குள் நுழைந்தால் கையிலிருப்பதை மூடி வைப்பான். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. "வாங்க வாப்பா" என்று எழுந்துதான் நிற்பான். அந்த மரியாதைதான் எனக்குப் பாரமாயிற்று. 2017-இல் ஷார்ஜாவுக்கு வேலைக்குப் போனான். அடுத்த ஆண்டு விடுப்பில் வந்தவன், ஒன்பதாம் வகுப்புப் படித்துக் கொண்டிருந்த தன் தங்கைக்கு ஒரு பொட்டலம் கொண்டு வந்தான். அதில் நான்கு ஆங்கிலப் படக்கதைத் தொகுதிகள். என்னிடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

அவன் திரும்பிப் போன பிறகு, ஒருநாள் இஷாவுக்குப் பின் மகள் உறங்கிய நேரம் பார்த்து அவற்றில் முதல் தொகுதியை எடுத்தேன். என்ன படிக்கிறாள் என்று சோதிக்கும் நோக்கம்தான், மறைக்கவில்லை. தஹஜ்ஜுத் நேரம் வரை கீழே வைக்கவில்லை.

அந்தப் புத்தகம் 'மிஸ் மார்வல்'. மார்வல் நிறுவனம் 2014 பிப்ரவரியில் தொடங்கிய தொடர். நாயகி கமலா கான், 16 வயது. அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். இந்தக் கதை பிறக்கக் காரணமான பதிப்பாசிரியர் சனா அமானத் அத்தகைய குடும்பத்திலிருந்து வந்தவர். எழுதியவர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர் ஜி. வில்லோ வில்சன். வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. முதல் தொகுதி 2015-இல் ஹ்யூகோ விருது பெற்றது. அதே ஆண்டு சான் ஃபிரான்சிஸ்கோ நகரப் பேருந்துகளில் இஸ்லாத்தை இழிவுபடுத்தும் விளம்பரங்கள் ஒட்டப்பட்டபோது, யாரோ சிலர் அவற்றின் மேல் கமலாவின் படத்தை ஒட்டி மறைத்தார்கள். ஒரு படக்கதைப் பெண் உண்மைத் தெருவில் இறங்கி வேலை செய்த கதை இது!

கதை மிக எளிது. நண்பர்கள் கூடும் இரவு விருந்துக்குப் போகக் கூடாது என்று வாப்பா தடுக்கிறார். கமலா சன்னல் வழியே இறங்கிப் போகிறாள். அங்கே மயக்கும் பானத்தைக் கலந்து கொடுத்து அவளை ஏளனம் செய்கிறார்கள். அழுதபடி திரும்பும் வழியில் மர்மமான மூடுபனி ஒன்று அவளைச் சூழ்கிறது. உருவத்தை மாற்றவும், உடலை நீட்டவும் பெருக்கவும் வல்ல ஆற்றல் வாய்க்கிறது. அவள் முதலில் செய்வது என்ன தெரியுமா? தான் போற்றும் வெள்ளைக்கார வீராங்கனையின் உருவத்தை எடுத்துக் கொள்கிறாள். பொன்னிறக் கூந்தல், உடலைக் காட்டும் உடை. சற்று நேரத்திலேயே அந்தக் கூந்தல் கண்ணை மறைக்கிறது, உடை உறுத்துகிறது. ஏளனம் செய்த அதே பெண் தண்ணீரில் மூழ்கும்போது, ஓர் உயிரைக் காப்பதன் மேன்மையைக் கூறும் சூரத்துல் மாயிதாவின் 32-ஆம் வசனம் அவள் நினைவுக்கு வருகிறது. உடனே பாய்ந்து காப்பாற்றுகிறாள். பிறகு இரவல் முகத்தைக் கழற்றிவிட்டு, உடல் மறைக்கும் தன் புர்கினி நீச்சலுடையிலிருந்து தனக்கென ஓர் உடையைத் தைத்துக் கொள்கிறாள்.

சண்டைகள் இதில் சாதாரணமானவைதாம். ஆனால் அவள் வீடு இருக்கிறதே! எந்நேரமும் தொழுகையும் வணக்கமுமாக இருக்கும் அண்ணன். வேலைக்குப் போகவில்லையே என்று அவனைச் சீண்டும் தந்தை. பெண்பிள்ளையைக் கண்ணிமை போல் காக்க நினைத்து அவளை மூச்சுத் திணறச் செய்யும் தாய். தோழி நக்கியா தலைமுக்காடு அணிகிறாள். அதை அவளுடைய தந்தையே விரும்பவில்லை. நம் பெண்களைப் பற்றி வெளியார் எழுதினால் முக்காடு எப்போதும் வற்புறுத்தலாகத்தான் வரும். இங்கே அது ஒரு பெண்ணின் பிடிவாதமாக வருகிறது. உள்ளிருந்து பார்த்தவரால்தான் இப்படி எழுத முடியும்.

இரவில் வெளியே போகும் மகளைத் திருத்துமாறு பெற்றோர் அவளைப் பள்ளிவாசல் ஷெய்குவிடம் அனுப்பும் காட்சி ஒன்று உண்டு. அவள் உண்மையைப் பாதியாகச் சொல்கிறாள்: 'மனிதர்களுக்கு உதவுகிறேன், வேறு தவறு செய்யவில்லை.' ஷெய்கு திட்டப் போகிறார் என்று நாமும் அவளோடு தலைகுனிந்து காத்திருக்கிறோம். அவர் திட்டவில்லை. செய்வது என்று துணிந்துவிட்டால் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், உனக்கொரு ஆசிரியரைத் தேடிக் கொள் என்ற கருத்தில் அறிவுரை கூறி அனுப்புகிறார். ஒரு பள்ளிவாசல் பெரியவரை இவ்வளவு கண்ணியமாக அமெரிக்கப் படக்கதை ஒன்றில் காண்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இன்னொரு காட்சிதான் என்னை வீழ்த்தியது. தந்தை யூசுஃப் மகளின் அறைக்கு வருகிறார். கோபத்தைக் கட்டுப்படுத்திக் கொண்டு கட்டிலில் அமர்கிறார். அவளுக்கு ஏன் அந்தப் பெயரை வைத்தார் என்பதை, 'கமால்' என்ற அரபுச் சொல்லின் பொருளை, நிறைவு என்பதை எடுத்துச் சொல்கிறார். யாரையும் மகிழ்விக்க அவள் வேறொருத்தியாக மாற வேண்டியதில்லை என்கிறார். அவ்வளவுதான் காட்சி. நான் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக் கொண்டேன். 2010-இல் என் மகனின் அறைக்கு நானும் போனேன். பெட்டியைத் தூக்கத்தான் போனேன்.

நான்காம் தொகுதியின் முடிவில், உலகமே அழியப் போகும் நேரத்தில், கமலா தன் தாயிடம் உண்மையை ஒப்புக் கொள்கிறாள். தாய்க்கு அது முன்பே தெரியும்! மகள் இரவில் இரகசியமாகச் செய்த குற்றமெல்லாம் துன்பப்படுகிறவர்களுக்கு உதவியதுதான் என்றால், இப்படியொரு பிள்ளையைத் தந்த இறைவனுக்கு நன்றி என்ற பொருளில் அந்தத் தாய் பேசுவதைப் படித்துவிட்டு என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். "நமக்கும்தான் எல்லாம் தெரியும். நாம் சொல்வதில்லை" என்றாள். வேறொன்றும் சொல்லாமல் வெங்காயம் நறுக்கப் போய்விட்டாள்.

ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். நான் பரிந்துரைப்பது வில்சன் எழுதிய முதல் 19 இதழ்களை உள்ளடக்கிய நான்கு தொகுதிகளை மட்டுமே. பின்னால் வந்தவற்றில் நம் வீடுகளுக்கு உடன்பாடில்லாத சில பகுதிகள் வருகின்றன. முதல் நான்கிலும் பதின்ம வயதுக் காதல் தலைகாட்டும். பெற்றோர் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள். கொடுத்த பிறகு பிள்ளையோடு அமர்ந்து பேசுங்கள். 2022-இல் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதில் கமலாவின் ஆற்றலையே மாற்றிக் கொள்ளுப்பாட்டியின் வளையலோடு இணைத்துவிட்டார்கள். 1947 பிரிவினையின் இரயில் நிலையக் காட்சி மனத்தை உருக்குகிறது. இருந்தாலும் புத்தகமே மேல்.

இந்தக் கதையைப் படித்த பிறகுதான் என் நண்பருக்குச் சொல்லக் கூடிய ஓர் அளவுகோல் எனக்குக் கிடைத்தது. சூப்பர் ஹீரோ கதையொன்றைக் கையில் எடுத்தால், அவன் சண்டை போடும் பக்கங்களைப் புரட்டிப் பார்த்து மதிப்பிடாதீர்கள். அவன் வீட்டுக்குத் திரும்பும் பக்கங்களைப் பாருங்கள். கதவைத் திறப்பது யார், அவரிடம் அவன் என்ன பொய் சொல்கிறான், அந்தப் பொய் அவனை என்ன செய்கிறது என்று பாருங்கள். அதில் கதை நின்றால் வாங்குங்கள்.

இந்த அளவுகோலோடு பழைய ஸ்பைடர்மேனுக்குப் போனேன். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் படைத்த பாத்திரம். கையால் பிடித்திருக்கக் கூடிய திருடனை 'எனக்கென்ன' என்று தப்பவிட்டான். அந்தத் திருடன் அவனை வளர்த்த பெரியப்பாவையே கொன்றான். இது எல்லாருக்கும் தெரிந்த தொடக்கம். அதிகம் பேர் அறியாத உச்சம் ஒன்று தொடரின் 31 முதல் 33 வரையான இதழ்களில், 1965-66-இல் வந்தது. பெரியம்மா சாகக் கிடக்கிறாள். முன்பு அவன் கொடுத்த இரத்தத்தில் கலந்திருந்த கதிரியக்கமே அவள் நோய்க்குக் காரணம். அன்பினால் செய்த தானமே நஞ்சாகிவிட்டது. அவளுக்கான மருந்துக் குப்பி கண்ணெதிரே, கைக்கு எட்டாத தூரத்தில் கிடக்கிறது. அவன் மீதோ மலைபோன்ற இயந்திரம் ஒன்று விழுந்து கிடக்கிறது. மேற்கூரையிலிருந்து நீர் கசிகிறது. எதிரி ஒருவனும் அங்கே இல்லை. அவன் அந்தப் பாரத்தைத் தூக்க முயன்று தோற்று, மீண்டும் முயல்வதைப் பக்கம் பக்கமாக டிட்கோ வரைந்திருக்கிறார். பாரம் சிறிது சிறிதாக உயர உயரப் படங்களும் பெரிதாகிக் கொண்டே போகின்றன. நோயாளித் தாய்க்கு மருந்து வாங்க நள்ளிரவில் அலைந்த எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பக்கங்கள் விளங்கும். என் மகனின் பெட்டியில் இது இருந்ததா என்று எனக்குத் தெரியாது. அவன் என்ன படித்தான் என்பதை அன்று நான் பார்க்கவே இல்லையே.

சூப்பர்மேன் வகையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஜீன் லுவன் யாங் எழுதி குரிஹிரு ஓவியர்கள் வரைந்த, 2019-20-இல் வந்த 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் த கிளான்'. 1946-இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் நாடகம் ஒலிபரப்பானபோது, வெள்ளையின வெறிக் கூட்டமான கூ கிளக்ஸ் கிளானைத் தாக்கும் தொடர் ஒன்று வந்தது. அதன் அடிப்படையில் அமைந்த நூல் இது. சீனக் குடும்பம் ஒன்று சைனா டவுனைவிட்டு வெள்ளையர் வாழும் தெருவுக்குக் குடிபோகிறது. வீட்டு வாசலில் எரியும் சிலுவையை நட்டு மிரட்டுகிறார்கள். மகன் பந்து வீசித் தெருப் பிள்ளைகளோடு கலந்துவிடுகிறான். மகள் ராபர்ட்டாவுக்கு அது வரவில்லை. அவள்தான் சூப்பர்மேனைக் கூர்ந்து பார்க்கிறாள். அவரும் வேற்று மண்ணில் பிறந்தவர். தான் அந்நியன் என்று தெரிந்தால் மக்கள் அஞ்சுவார்களே என்று தம் ஆற்றலில் பாதியை மறைத்து, பறக்கத் தெரிந்தும் ஓடிக் கொண்டிருக்கிறார். உலகிலேயே வலிமை மிக்கவர் அக்கம்பக்கத்தாருக்கு அஞ்சி அடங்கி நடக்கிறார்! வாடகைக்கு வீடு தேடிப் போய், பெயரைச் சொன்னதும் கதவு மூடப்பட்ட அனுபவம் உங்களுக்கு இருந்தால், ராபர்ட்டாவை உங்கள் மகளாகவே எண்ணுவீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். முகஞ்சுளிக்க ஒன்றும் இல்லை.

'நம்மவர்கள் இத்தகைய கதை எழுதவில்லையா?' என்று கேட்பீர்கள். குவைத்தின் மனநல வல்லுநர் நாயிஃப் அல்முத்தவா 2006-இல் 'த 99' என்ற தொடரைத் தொடங்கினார். 1258-இல் மங்கோலியர் பக்தாதின் நூலகத்தை அழித்தபோது அதன் அறிவு 99 மாணிக்கங்களில் அடைக்கலம் புகுந்ததாகவும், அவற்றைப் பெறும் இளைஞர்களுக்கு அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள் உணர்த்தும் பண்புகளிலிருந்து ஒவ்வோர் ஆற்றல் கிடைப்பதாகவும் கற்பனை. அவர்கள் தனித்தோ இருவராகவோ செயல்பட மாட்டார்கள். மூவராகச் சேர்ந்தே செயல்படுவார்கள் என்பது அழகான ஏற்பாடு. ஆனால் இறைவனின் பண்புகளைக் கதை மாந்தருக்குச் சூட்டலாமா என்ற கேள்வி எழுந்தது. 2014-இல் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தி அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்தார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். அது ஒருபுறமிருக்க, வாசகன் என்ற முறையில் எனக்கு இதில் வேறொரு குறை. இந்த வீரர்களுக்கு வீடே இல்லை! தாயிடம் ஏச்சு வாங்காத ஒருவன் எப்படி எனக்குத் தம்பியாவான்?

பாகிஸ்தானில் 2013-இல் தொலைக்காட்சியில் வந்த 'புர்கா அவெஞ்சர்' சிறுவர்களுக்கு ஏற்ற கேலிச் சித்திரத் தொடர். ஜியா என்ற ஆசிரியை, பெண்பிள்ளைகளின் பள்ளியை மூட வருகிறவர்களைப் புத்தகங்களையும் பேனாக்களையும் வீசியே விரட்டுகிறாள். பேரப்பிள்ளைகளோடு பார்க்கலாம், நண்பருக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். பெரிய அமெரிக்க நிறுவனங்கள் அவ்வப்போது புகுத்திய ஏனைய முஸ்லிம் வீரர்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2012-இல் வந்த 'கிரீன் லாண்டர்ன்' சைமன் பாஸ், கார் திருடனாகவும் தீவிரவாதி என்று ஐயுறப்பட்டவனாகவுமே நமக்கு அறிமுகமாகிறான். இதற்குப் பெயர் மரியாதையா?

கடைசியாக ஒன்று. அது முறைப்படி சூப்பர் ஹீரோ கதை அன்று. ஆயினும் அதை விட்டுவிட மனமில்லை. எகிப்தின் தீனா முஹம்மத், 2013-இல் 'காஹிரா' என்ற முக்காடிட்ட வீராங்கனையை இணையத்தில் வரைந்தவர். அவருடைய பெரிய நூல் 'ஷுபைக் லுபைக்'. அரபு மூலத்திலிருந்து ஆங்கிலத்தில் 2023-இல் வெளிவந்தது. நாம் கேட்ட பூதக் கதைகளில், சீசாவிலிருந்து வெளிவரும் ஜின் சொல்லும் வாக்குத்தான் இந்தத் தலைப்பு. இக்கதையில் கெய்ரோவின் பெட்டிக் கடையிலேயே வரங்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. அரும்பாடுபட்டு உழைத்துச் சேர்த்த காசில் ஒரு வரம் வாங்கிய ஏழை விதவை அஸீஸாவை, 'இது உனக்கு எப்படிக் கிடைத்தது' என்று அதிகாரிகள் சிறையில் அடைக்கிறார்கள். கடைக்காரர் ஷுக்ரியிடமோ உயர்தரமான வரங்கள் மூன்று இருந்தன. வரம் கேட்பது மார்க்கத்துக்கு உகந்ததன்று என்று அவர் அவற்றைத் தமக்காகத் தொடவே இல்லை. வாடிக்கையாளராக வரும் மூதாட்டிக்குப் புற்றுநோய் என்று அறிந்ததும் அந்த மனிதர் படும் பாடு இருக்கிறதே, எத்தனையோ வீரர்களின் சண்டைகளைவிட அது என்னை அதிகம் உலுக்கியது. ஆற்றல் கையிலிருந்தும் தொடாமல் இருக்கும் மனிதரைப் பற்றி வேறு யாரும் இவ்வளவு விரிவாக எழுதியதை நான் படித்ததில்லை. வயது வந்தவர்களுக்கான நூல் இது.

இந்த நூலை நான் எப்படி அடைந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மகள் கல்லூரிக்குப் போன பிறகு அவளுக்கு வரும் பொட்டலங்கள் நின்றுவிட்டன. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மகனிடம் தொலைபேசியில் பேசிக் கொண்டிருந்தபோது, "அந்த மாதிரிப் புத்தகம் புதிதாக ஏதும் வந்திருக்கிறதா?" என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை.

"தங்கச்சிக்கா வாப்பா?"

"இல்லை. எனக்கு."

அடுத்த வாரம் வந்தது. உள்ளே சீட்டு எதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் பாகத்தில், ஷுக்ரி கடையடைக்கும் பக்கத்தில், மடித்த பேருந்துச் சீட்டு ஒன்று அடையாளத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. அவன் படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறான்.

இன்ஷா அல்லாஹ், வரும் விடுப்பில் அவன் ஊருக்கு வருகிறான். நான் சில ஆண்டுகளாக மதுரையிலும் திருச்சியிலும் பழைய புத்தகக் கடைகளில் தேடிக் கொண்டிருக்கிறேன். மாயாவியின் கதைகளைச் சிவகாசியிலிருந்து மறுபதிப்பாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றை வாங்கிப் பெட்டியை நிரப்பிவிடலாம்தான். எனக்கு வேண்டியவை அந்தப் பழைய பிரதிகள். இதுவரை இரண்டு கிடைத்துள்ளன. இரண்டிலும் வேறு யாரோ பிள்ளைகளின் பெயர்கள் எழுதியிருக்கின்றன.

வாசகர்களே, உங்களுடைய வீட்டுப் பரணிலோ, நீங்கள் எடைக்கு வாங்கிய கட்டிலோ இரும்புக்கை மாயாவி அல்லது ஸ்பைடர் புத்தகம் ஏதேனும் இருந்தால், முதல் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். 'இது என் புத்தகம். எடுத்தவர் படித்துவிட்டுத் திருப்பித் தரவும்' என்று பச்சை மையில், கோணலான சிறுபிள்ளைக் கையெழுத்தில் எழுதியிருந்தால், அருள்கூர்ந்து இவ்விதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நானே வந்து வாங்கிக் கொள்கிறேன்.